காட்டாத எடை

நூற்று அறுபத்தைந்து கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நின்ற பெண்ணை ஒரு கட்டுக் கருவேப்பிலை சாய்த்துவிட்டது.

ஆயர் ஈத்தாம் பசாரில் அன்று நல்ல சந்தைக் கூட்டம். தயாளன் தன் காய்கறிக் கடையில் நின்றபடி, கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சீனத்துப் பெண்மணியின் முகத்துக்கு நேரே கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டிருந்தான். திரையில் அவன் மனைவி ரமணி, முந்தாநாள் ஜிம்மில் அந்த எடையைத் தூக்கும் காட்சி ஓடியது. அவனுக்குப் பின்னால் அதே ரமணி, கீழே விழுந்த கருவேப்பிலைக் கட்டை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"என்னங்க," என்றாள்.

சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. ஆனால் அந்த 'என்னங்க'வைத் தயாளன் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருக்கிறான். கைத்தொலைபேசியைக் கத்திரிக்காய்களின் மேல் போட்டுவிட்டு ஓடினான்.

"ஐயோ, சாக்கிட் பிங்காங்கா?" என்று தன் இடுப்பைப் பிடித்துக் காட்டினாள் சீனத்துப் பெண்மணி. சந்தேகமே இல்லை, இடுப்பு வலிதான். பழைய விருந்தாளி, சொல்லாமல் வருகிற விருந்தாளி, வந்தால் லேசில் கிளம்பாத விருந்தாளி. ரமணியை வேனின் பின்பக்கம் முட்டைக்கோசு மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து, சுங்கை பினாங்கில் உள்ள அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தான் தயாளன். வழியில் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அவள் பல்லைக் கடிப்பது அவனுக்குக் கேட்டது.

ரமணிக்கு வயது நாற்பத்தொன்று. பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய், நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டுத் திரும்புவாள். தம்பி கல்யாணத்துக்குள் கொஞ்சம் இளைக்கலாம் என்றுதான் பசாருக்குப் பக்கத்தில், கடைவீட்டு மாடியில் முகம்மது கனி நடத்தும் ஜிம்முக்குப் போனாள். எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் அவர், அவளிடம் ஓர் எடையைக் கொடுத்துத் தூக்கச் சொன்னார். தூக்கினாள். கூட்டிக் கொடுத்தார். அதையும் தூக்கினாள். நானா தலையைச் சொறிந்துகொண்டு, "தங்கச்சி, நீ இளைக்க வேணாம். நீ தூக்கு," என்றார். தம்பி கல்யாணத்தில் அவளுடைய ரவிக்கைக் கை தெறித்தது. அந்தக் கதையையும் தயாளன் பசார் முழுக்கச் சொல்லியிருக்கிறான்.

சொல்வது அவன் வேலை. அவளோ வாயைத் திறக்கமாட்டாள். யாராவது பாராட்டினால் "அட, சும்மா இருங்க லா," என்று கையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். அதனால் அவளுக்கும் சேர்த்துத் தயாளனே பேசினான். கீரை வாங்க வருகிறவர்களுக்குக் கீரையோடு ரமணியின் எடையும் கிடைக்கும். நாக்கில் நரம்பில்லாமல் பத்து கிலோ கூட்டிச் சொல்வான் என்று நினைக்க வேண்டாம். கூட்டியதே இல்லை. கூட்ட வேண்டிய அவசியத்தை அவள் வைக்கவில்லை.

கனி நானாவின் ஜிம்மில் ஒரு வழக்கம் இருந்தது. போட்டிக்குப் போகிறவர், அதற்கு முந்தைய ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னால் முடிந்த மிகப் பெரிய எடையை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பெயரே 'காட்டுறது'. "இந்த வாரம் யாரு காட்டுறா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். அடிபட்டு ஓய்வில் இருந்தவர் திரும்பி வந்தாலும் காட்ட வேண்டும், அப்போதுதான் குணமானதாகக் கணக்கு. ரமணி காட்டும் ஞாயிறுகளில் தயாளன் எல்லாருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவான். வளைந்து நெளிந்து படம் பிடிப்பான். மாலைக்குள் அது பசார் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

மூன்றாவது முறை விழுந்தபோதுதான் அவர்கள் பிசியோ ராகினியிடம் போனார்கள். ராகினி யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். அலட்டிக்கொள்ளாமல் பேசுகிறவள். ரமணியை நிற்க வைத்து, குனிய வைத்து, ஸ்கேனையும் பார்த்தாள்.

"முதுகு உடைஞ்சு போகல. இந்த ஸ்கேன்ல தெரியறது உங்க வயசுல வலியே இல்லாதவங்களுக்கும் தெரியும்," என்றாள். "வலி எப்ப எப்ப வந்தது?"

ரமணி வாயைத் திறப்பதற்குள் தயாளன் முந்திக்கொண்டான். அவனுக்குக் கேட்கவா வேண்டும்! கைத்தொலைபேசியை எடுத்தான். "இது பாருங்க டாக்டர், முதல் தடவை காட்டினது. நூத்தி ஐம்பத்தஞ்சு. என்னா சுத்தமா நிமிர்றா பாருங்க."

"நல்லா இருக்கு. இதுக்கப்புறம்?"

"இதுக்கப்புறம் ரெண்டு வாரம் படுத்துட்டா." அடுத்த படத்துக்குத் தள்ளினான். "இது குணமாயிட்டு வந்து காட்டினது. நூத்தி அறுபது."

"இதுக்கப்புறம்?"

"இதுக்கப்புறம்..." தயாளனின் விரல் திரைமேல் நின்றது. "இதுக்கப்புறமும் படுத்தா."

மூன்றாவது படத்தை அவன் காட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு வருடமாக ஊரெல்லாம் பெருமையாகப் போட்டுக் காட்டியது, மனைவி அடிபட்ட கதையைத்தான் என்று அவனுக்கு அப்போது உறைத்தது. முகம் சிறுத்துப் போய்விட்டது.

"தூக்கறத நிறுத்தச் சொல்லல," என்றாள் ராகினி. "வலி போனதும், போயிருச்சானு பாக்கறதுக்காகவே இருக்கறதுல பெரிய எடையா எடுக்கறீங்க பாருங்க, அதை நிறுத்துங்க. புண்ணு ஆறிருச்சானு பொருக்கைப் பிச்சுப் பாக்கற மாதிரி இருக்கு. சின்ன எடையில தொடங்கி மெதுவா ஏத்துங்க. பெரிய எடை போட்டி மேடையில மட்டும்."

"அப்ப மேடைக்குப் போறதுக்கு முன்ன, தூக்க முடியுமானு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் தயாளன்.

"தெரியாது."

தயாளனுக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. ரமணிதான், "சரி," என்றாள்.

அந்த ஆண்டு, நாற்பது தாண்டியவர்களுக்கான தேசியப் போட்டி உள்ளூரிலேயே, ஜார்ஜ் டவுனில் நடக்க இருந்தது. அவள் எடைப் பிரிவில் முதலாவதாக வருகிறவள் மலேசியா என்று முதுகில் எழுதிய சட்டையோடு ஆசியப் போட்டிக்குப் போவாள். இரண்டாவதாக வருகிறவள் பதக்கத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். ரமணிக்கு அந்தச் சட்டை வேண்டும். வாய் திறந்து அவள் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் கெடா மாநிலத்திலிருந்து வரும் நூருல் போன வருடம் அதை அணிந்து நின்ற புகைப்படத்தை அவள் எத்தனை நேரம் பார்த்தாள் என்பது தயாளனுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் தயாளனுக்குப் பத்தியச் சாப்பாடு. ரமணி வெறும் கழியை முதுகில் வைத்துக் குனிந்து பழகினாள். பிறகு வெறும் இரும்புத் தண்டு. பிறகு இரண்டு பக்கமும் சின்னத் தட்டுகள், புதுசாகச் சேர்ந்த காலேஜ் பெண்கள் தூக்குவது போல. படம் பிடிக்க ஒன்றுமில்லை. "என்னப்பா, உன் வீட்டம்மா தூக்கறத விட்டாச்சா?" என்று பசாரில் கேட்க ஆரம்பித்தார்கள். தயாளன் வெண்டைக்காயை நிறுத்துக் கொடுத்துக்கொண்டே வேறு பேச்சுக்குத் தாவினான். அவளோ ராகினி சொன்ன எடைக்கு மேல் அரை கிலோ கூட ஏற்றவில்லை. வலி முற்றிலும் போன பிறகும் ஏற்றவில்லை. உடம்பு துருதுருக்கும், கை அரிக்கும். அப்போது எழுந்து போய் மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு வருவாள்.

போட்டிக்கு முந்தைய ஞாயிறு, கூப்பிடாமலே எல்லாரும் ஜிம்மில் கூடிவிட்டார்கள். பழக்கம் அப்படி. தயாளனும் கை பழகிய தோஷத்தில் நாசி லெமாக் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். ரமணி நூற்று முப்பதைத் தூக்கினாள். இறக்கினாள். பிறகு தண்டிலிருந்து தட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அவ்வளவுதானா அக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவ்வளவுதான்."

ஒருவரும் கை தட்டவில்லை. எதற்கென்று தட்டுவது? எல்லாரும் பொட்டலத்தைப் பிரித்துத் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள். கனி நானா மட்டும் வந்து அவளோடு சேர்ந்து தட்டுகளைக் கழற்றினார். தயாளனுக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்லிப் பயனில்லை, அவனுக்கு மனைவியை நினைத்து வெட்கமாகத்தான் இருந்தது.

வேனில் ஏறியதும் வாயை அடக்க முடியவில்லை. "ஒரே ஒரு தடவை நூத்தி ஐம்பது எடுத்துக் காட்டியிருக்கலாம்ல? வலிதான் போயிருச்சே. எனக்காகவாவது."

ரமணி கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்காகத்தான் மூணு தடவை படுத்தேன்."



போட்டியன்று மண்டபம் நிரம்பியிருந்தது. பசாரிலிருந்தும் ஏழெட்டுப் பேர் கடையை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் பற்றாக்குறையால் கனி நானாவை மேடையில் தட்டு ஏற்றும் வேலைக்குப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அந்த வேலையில் இருப்பவர் யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது. பேசாமல் நிற்பது நானாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எனவே ரமணிக்குத் துணையாக நிற்பதும், அடுத்து என்ன எடை என்று மேசையில் போய்ச் சொல்வதும் தயாளன் பொறுப்பாயிற்று.

தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவது, படுத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து தள்ளுவது, இரண்டும் முடிந்தன. இரண்டிலும் நூருல் முந்தியிருந்தாள். மிச்சம் இருந்தது தரையிலிருந்து தூக்குவது. ரமணியின் ஆட்டம் அதுதான், ரமணியின் இடுப்புக்கு எமனும் அதுதான். முதல் முறை நூற்று முப்பது. பூ மாதிரி வந்தது. இரண்டாவது நூற்று நாற்பத்தைந்து. மேலே வந்தது, ஆனால் முட்டிக்கு மேல் ஒரு கணம் தயங்கிவிட்டு வந்தது. அந்த ஒரு கணத்தில் தயாளனுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

கடைசி முறை பாக்கி. மூன்று வகைத் தூக்கையும், நூருல் கடைசியாகத் தூக்கப் போவதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், அவளைத் தாண்ட நூற்று அறுபது வேண்டும். அதற்குக் கீழே எதைத் தூக்கினாலும் இரண்டாவது இடம்தான்.

"நூத்தி அறுபது," என்றாள் ரமணி, நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே. "போய்ச் சொல்லுங்க. ஒரு நிமிசம்தான் குடுப்பாங்க."

தயாளன் நடந்தான். மேசை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அந்தப் பத்தடிக்குள் அவன் கருவேப்பிலையைப் பார்த்தான், முட்டைக்கோசு மூட்டைகளைப் பார்த்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போன ரமணியைப் பார்த்தான். கடைசியாக விழுந்த பிறகு நூற்று அறுபதை அவள் தூக்கி அவன் பார்க்கவே இல்லை. பார்க்காத ஒன்றை எப்படிச் சொல்வது? மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வாயிலிருந்து "நூத்தி ஐம்பது," என்று வந்தது.

திரும்பி வரும்போதே தனக்குள் நியாயம் பேசிக்கொண்டான். இரண்டாவது இடம் என்றால் கேவலமா? பதக்கம் உண்டு. இடுப்பும் பத்திரம். அக்கறையில் செய்ததுதானே!

ரமணி சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயருக்கு நேராக நூற்று ஐம்பது என்று வந்தது. மேடையில் கனி நானாவும் அதைப் பார்த்துவிட்டார். வாய் திறக்கக்கூடாதே, அதனால் தயாளனைப் பார்த்து முறைத்தார்.

அவள் கத்துவாள் என்று தயாளன் எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, இடுப்புப் பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டே, "மாத்திட்டு வாங்க," என்றாள். "கடைசித் தூக்குக்கு மாத்த விடுவாங்க."

"ரமணி, நான் என்ன சொல்றேன்னா..."

"நூருல் இப்ப ஏறிருவா. அவ இறங்கறதுக்குள்ள மாத்துங்க."

"இடுப்பு தாங்குமா?"

"தெரியாது." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "தெரியாமத்தான் தூக்கப் போறேன். போங்க."

தயாளன் ஓடினான். இந்த முறை நூற்று அறுபது என்று அவன் சொன்னது மேசைக்கு மட்டுமல்ல, மண்டபத்துக்கே கேட்டது. ஒலிபெருக்கியில் மாற்றத்தை அறிவித்தார்கள். முன்வரிசையில் பசார்க்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நூருல் தூக்கி முடித்ததும் கனி நானா ஒவ்வொரு தட்டாக ஏற்றினார், கல்யாணத்தில் தாம்பூலத் தட்டு வைப்பது போல அத்தனை மரியாதையாக.

தன் கடைசி எடையையும் தூக்கிவிட்ட நூருல் இறங்கி வந்தாள். போகிற வழியில் ரமணியின் தோளைத் தட்டி, "போலே, அக்கா, போலே!" என்றாள். முடியும் அக்கா, முடியும் என்று, தன்னைத் தோற்கடிக்கப் போகிறவளுக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

ரமணி தண்டின் முன்னால் போய் நின்றாள். குனிந்து பிடித்தாள். தண்டில் இருந்த தளர்ச்சியை இழுத்து எடுத்தாள், தட்டுகள் 'கிளிக்' என்றன. பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. எடை தரையோடு ஒட்டிக்கொண்டது போல இருந்தது. அவள் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு தட்டுகளுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கோடு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. கோடு அகலமாயிற்று. தண்டு முட்டிக்கு வந்தது. முட்டிக்கு மேல் முன்பு தயங்கிய அதே இடத்தில் மறுபடியும் தயங்கியது. கூட்டம் கத்தியது. ரமணி விடவில்லை. அவசரப்படவும் இல்லை. மாதக்கணக்கில் சின்னத் தட்டுகளை எப்படி நிதானமாகத் தூக்கினாளோ, அதே நிதானத்தில் இடுப்பை முன்னே கொண்டுவந்து, தோளைப் பின்னே தள்ளி, நிமிர்ந்து நின்றாள்.

நடுவர் கையை இறக்கினார். அவள் எடையைக் கீழே வைத்தாள். தூக்கியது செல்லும் என்று மூன்று வெள்ளை விளக்குகளும் எரிந்தன.

கனி நானா வேலையை மறந்து, விதியை மறந்து, மேடையிலேயே "தங்கச்சி!" என்று அலறினார். நூருல் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பசார்க்காரர்கள் தயாளனைப் பிடித்து உலுக்கினார்கள். "பேசுடா! ஏதாவது சொல்லுடா!" என்றார்கள். அவனோ கன்னமெல்லாம் கண்ணீராக நின்றுகொண்டிருந்தான். பெருமை என்று அத்தனை நாளாக எதையோ நினைத்துப் பேசிக்கொண்டிருந்தோமே என்று இருந்தது அவனுக்கு. பெருமை வந்தால் பேச்சு வராது போல.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் அவன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் பட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

"பயந்துட்டேன் ரமணி. அதான் குறைச்சுச் சொல்லிட்டேன்."

"நானும்தான் பயந்தேன்," என்றாள் அவள். "நான் பயந்துகிட்டே தூக்கினேன். நீங்க பயந்துகிட்டுக் குறைச்சுட்டீங்க."

அவன் தலையாட்டினான். அவள் தண்ணீர்ப் புட்டியில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவனிடம் நீட்டினாள்.

மறுநாள் காலை தயாளன் முன்பே விழித்துவிட்டான். ஆனால் எழாமல், கண்ணை மூடியது போலப் பாசாங்கு செய்துகொண்டு கிடந்தான். முன்பெல்லாம் காட்டிய மறுநாளோ அதற்கு மறுநாளோதான் விருந்தாளி வருவான். ரமணி புரண்டாள். கட்டிலின் ஓரத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டான் அவன், கண்ணைத் திறக்காமலே.

"வலிக்குது."

அவன் கண்ணைத் திறந்தான்.

"தொடை வலிக்குது. தோளு வலிக்குது. உள்ளங்கை கூட வலிக்குது. இதென்னா, விரல் நகம் வலிக்குமா லா?"

"இடுப்பு?"

அவள் பதில் சொல்லாமல் எழுந்து நின்றாள். கீழே கிடந்த போர்வையைக் குனிந்து எடுத்து, உதறி, மடித்து அவன் மேல் எறிந்தாள். தயாளன் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தான்.

நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? ராகினியைக் கேட்டால் தெரியாது என்பாள். ஆனால் இன்று இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு தயாளன் வெளி வராந்தாவுக்கு வந்தபோது, எதிர்ப் பக்கத்து ஜெகதீஸ்வரி அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"தயாளா, நேத்து என்னாச்சு?"

தயாளன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். ஆரம்பத்திலிருந்து சொல்வதாகத்தான் இருந்தான். ஆனால் அவனுக்குப் பின்னாலிருந்து, நான்கு மாடிக்கும் கேட்கும்படி, இத்தனை வருடத்தில் அவன் கேட்டிராத சத்தத்தில் ரமணியின் குரல் வந்தது.

"நூத்தி அறுபதுக்கா! ஜெயிச்சுட்டேன்!"

அக்கா கையில் இருந்த துணியை அப்படியே கொடியில் போட்டாள். "அடி ஆத்தாடி! உன் இடுப்பு என்னடி ஆச்சு?"

"அதுதான்க்கா ஜெயிச்சது!" என்றாள் ரமணி.